கைய எடுத்தா நிக்குமா, திரும்புமா?

8085 லேப் முடிச்சவங்களுக்கு 4100 என்ற எண் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். ரீசெட் தட்டி, 4100 அடிச்சு, கோடை ஒவ்வொரு பைட்டா ஏத்தி, கடைசியில் 4500ல் விடை வந்திருக்கான்னு எட்டிப் பார்ப்போம். அதுக்கே நாம எவ்வளவு புலம்பியிருக்கோம்! இப்போ அந்தக் கீபேடையும் டிஸ்ப்ளேவையும் எடுத்துட்டு, வரிசையாகக் கொஞ்சம் சுவிட்சும் கொஞ்சம் எல்இடியும் மட்டும் கொடுத்தா என்ன பண்ணுவீங்க?

1975ல் அப்படித்தான் கொடுத்தார்கள். அந்த வருஷம் ஜனவரி மாத ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ பத்திரிகையின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற கம்ப்யூட்டர் வந்தது. அதன் முகப்பில் 25 டாகிள் சுவிட்சுகள், 36 எல்இடிகள். கீபோர்டு கிடையாது, திரை கிடையாது. உள்ளே இருந்தது இன்டெல் 8080, அதாவது நம்ம 8085க்கு அண்ணன். சுவிட்சை மேலே தூக்கினால் 1, கீழே தள்ளினால் 0. எட்டு சுவிட்சில் ஒரு பைட்டை அமைத்து ‘டெபாசிட்’டைத் தட்டினால் அது மெமரிக்குள் போகும். பால் ஆலனும் பில் கேட்ஸும் இந்த மெஷினுக்காக பேசிக் மொழியை எழுதினார்கள். அதைக் கம்பெனியில் காட்டப் போகும் வழியில், மெமரியில் ஏற்றுவதற்கான சின்ன லோடர் புரோகிராமை ஆலன் விமானத்திலேயே உட்கார்ந்து எழுதினார் என்பது பிரபலமான கதை. அந்த லோடர் உள்ளே போனதும் இதே மாதிரி சுவிட்சுகளைத் தட்டித்தான்.

இந்தக் கட்டுரை அந்த சுவிட்சுகளைப் பற்றி. சரியாகச் சொன்னால், அது போயிடுச்சுன்னா வேறு ஒண்ணு எங்கே, எப்படித் தேடுறது என்பதைப் பற்றி.

நம்ம டிபார்ட்மென்ட் ஸ்டோர் ரூமுக்குள் போயிருக்கீங்களா? பழைய சிஆர்ஓ, கால் உடைந்த ஸ்டூல் எல்லாம் தாண்டி, கடைசி ரேக்கில் ஒரு அலுமினியப் பெட்டி இருக்கும். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் நம்ம சீனியர்களுக்கு சீனியர்கள் யாரோ புராஜெக்ட்டாகச் செய்தது. உள்ளே 8085, கொஞ்சம் ரேம், அவ்வளவுதான். மானிட்டர் ரோம் எதுவும் இல்லை. முகப்பில் 21 சுவிட்சுகள்: பவருக்கு ஒன்று, அட்ரஸுக்குப் பதினாறு, கன்ட்ரோலுக்கு நான்கு. அட்ரஸ் சுவிட்சில் வலது பக்கம் இருக்கும் எட்டுதான் டேட்டாவுக்கும். ரன் சுவிட்சை நிறுத்தத்தில் வைத்தால் 8085ன் ஹோல்டு பின்னுக்கு சிக்னல் போகும். பிராசசர் பஸ்ஸை விட்டுட்டு ஒதுங்கி நிற்கும். அப்போ முகப்பில் இருந்தே நேராக ரேமில் எழுதலாம், படிக்கலாம். டிஎம்ஏன்னு பரீட்சைக்குப் படம் போட்டுப் படிப்போமே, அதுவேதான். இங்கே டிஎம்ஏ கன்ட்ரோலர் உங்க விரல்.

இந்த வருஷம் இன்ஸ்பெக்ஷனுக்கு முன்னாடி ஸ்டோர் ரூமைக் காலி பண்ணச் சொல்லி, ஒரு ஸ்கிராப் லிஸ்ட் போட்டாங்க. அதில் இந்தப் பெட்டியும் இருந்தது. ‘நாட் ஒர்க்கிங்’ என்று பக்கத்தில் எழுதியிருந்தது. நானும் என் புராஜெக்ட் டீமில் இருக்கும் இரண்டு பேரும் அதைத் திறந்து பவர் கொடுத்துப் பார்த்தோம். பிராசசர் நல்லா இருந்தது. ரேம் நல்லா இருந்தது. செத்துப் போயிருந்தது எட்டு சுவிட்சுகள் மட்டும். ஆறு அட்ரஸ் சுவிட்சுகள், பிறகு எக்ஸாமின், டெபாசிட் இரண்டும். ஐம்பது ரூபாய் சமாச்சாரத்துக்காக ஒரு கம்ப்யூட்டர் எடைக்குப் போகப் போகுது. எச்ஓடி சாரிடம் போய்க் கேட்டோம். “மாசக் கடைசிக்குள்ள ஓட்டிக் காட்டுங்க, லிஸ்ட்ல இருந்து அடிச்சிடுறேன்” என்றார். கையில் இருந்தது மூன்று வாரம்.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் கிடையாது. வெளிநாட்டில் பழைய கம்ப்யூட்டர்களைச் சேகரித்து ஓட்டிப் பார்க்கிறவர்களுக்கும் பெரிய தலைவலி இந்த முகப்பு சுவிட்சுகள்தான். ஐசி கிடைத்துவிடும். கெப்பாசிட்டரை மாற்றிவிடலாம், யாருக்கும் தெரியாது. சுவிட்ச் அப்படி இல்லை. தினமும் கை படுகிற பாகம், அதனால் முதலில் தேய்வதும் அதுதான். எல்லார் கண்ணிலும் படுகிற பாகம், அதனால் ஒண்ணு மட்டும் வேறயா இருந்தாலும் காட்டிக் கொடுத்துடும். ‘வார் கேம்ஸ்’ என்ற 1983ஆம் வருஷப் படத்தில் அந்தப் பையன் வைத்திருக்கும் ஐஎம்எஸ்ஏஐ 8080ஐக் கவனிச்சிருக்கீங்களா? சிவப்பும் நீலமுமாகத் துடுப்பு மாதிரி சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். அந்தத் துடுப்பில் ஒன்று முறிந்தால், அதே நீளம், அதே கலர், அதே விசையில் இன்னொன்று வேண்டும். கிடைக்காதபோது அச்சு எடுத்து வார்க்கிறார்கள், இல்லை 3டி பிரிண்டரில் அடிக்கிறார்கள்.

நமக்கு அவ்வளவு அலங்காரம் தேவையில்லை. சாதா மெட்டல் லிவர் டாகிள்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து டவுன் பஸ் பிடித்து ராஜபாளையம் போனேன். எனக்கு டிக்கெட் இலவசம், அந்த அளவுக்குச் செலவு மிச்சம். ஒரு பெரிய எலக்ட்ரிக்கல் கடையில், “அண்ணாச்சி, மினியேச்சர் டாகிள், எஸ்பிடிடி, மொமென்டரி, சென்டர் ஆஃப் இருக்கா?” என்று கேட்டேன். அண்ணாச்சி என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். “வீட்டுக்கா, மோட்டாருக்கா பாப்பா?” என்றார். “கம்ப்யூட்டருக்கு” என்றேன். “அப்போ கம்ப்யூட்டர் கடைல கேளும்மா.” கம்ப்யூட்டர் கடையில் கேட்டேன். அவர்கள் லேப்டாப் சார்ஜரைக் காட்டினார்கள்.

எல்கேஜியில் இருந்து இங்கிலீஷ் மீடியம். டேட்டா ஷீட் படிக்கத் தெரியும். அதே விஷயத்தைக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல எந்தப் பாடத்திலும் சொல்லித் தரலை. அதைச் சொல்லித் தந்தது அப்பா.

அப்பா ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ். 1936ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா முதல் மில்லைத் தொடங்கியதில் இருந்து, ஷிப்ட் சங்கை வைத்தே நேரம் பார்த்த ஊர் அது. அப்பாவும் இருபத்தாறு வருஷமாக அந்த ஷிப்ட் கணக்கில்தான் வாழ்கிறார். நான் ஒரு டெபாசிட் சுவிட்சைக் கழட்டி எடுத்துட்டுப் போய், கடையில் சொன்ன அதே வார்த்தைகளை அவரிடமும் சொன்னேன். அவர் அதை வாங்கி லிவரை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார். ஸ்பிரிங் போனதால் அது தொளதொளன்னு ஆடியது.

“கைய எடுத்தா நிக்குமா, திரும்புமா? அதச் சொல்லு மொதல்ல” என்றார்.

திரும்பும் என்றேன். “ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?” ரெண்டு பக்கமும். மேலே தள்ளினால் எக்ஸாமின், கீழே தள்ளினால் எக்ஸாமின் நெக்ஸ்ட், அதாவது அடுத்த அட்ரஸுக்கு ஒரு அடி. அப்பா சிரித்தார். “இது இஞ்சிங்ல்லா!”

இஞ்சிங் தெரியுமா உங்களுக்கு? எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். ரிங் ஃபிரேமில் வேலை பார்க்கும்போது மெஷினை முழுசா ஓட்டாமல், கொஞ்சூண்டு மட்டும் நகர்த்த ஒரு பட்டன் இருக்கும். அழுத்தியிருக்கும் வரை நகரும், கையை எடுத்தால் நின்றுவிடும். நாம ‘சிங்கிள் ஸ்டெப்’ என்று ஐடிஇயில் ஒரு கீயைத் தட்டுகிறோமே, அந்த யோசனைக்கு மில்லில் ஒரு பேர் இருக்கு. அப்பாவுக்கு 8085 தெரியாது. ஆனா அந்த முகப்பில் எந்த சுவிட்ச் நிற்கணும், எது திரும்பணும், ஏன் திரும்பணும் என்பது ஐந்தே நிமிஷத்தில் புரிந்துவிட்டது. டெபாசிட் சுவிட்ச் திரும்பாமல் அங்கேயே நின்றால் ரேமில் விடாமல் எழுதிக்கிட்டே இருக்கும் என்று நான் சொல்வதற்கு முன்னால் அவரே சொன்னார்.

அன்று ராத்திரி ஒரு பேப்பரில் நான்கு கேள்விகள் எழுதினோம். உங்களுக்கும் உதவும், வெச்சுக்கோங்க. ஒன்று: கையை எடுத்தால் நிற்குமா, திரும்புமா, எந்தப் பக்கம்? இரண்டு: எத்தனை கால்? மூணு கால்னா ஒரு சர்க்யூட், ஆறு கால்னா ஒரே லிவரில் இரண்டு சர்க்யூட். மூன்று: பேனலில் ஓட்டை எவ்வளவு? சின்ன டாகிளுக்குக் கால் இஞ்ச், பெரிய டாகிளுக்கு 12 மில்லிமீட்டர், மில் பேனலில் வரும் பட்டனுக்கும் செலக்டருக்கும் 22.5. நான்கு: அது வழியா எவ்வளவு கரண்ட் போகும்? இந்த நாலாவது கேள்வியை நாம யாருமே கேட்பதில்லை. அதிகமா போனா எரியும் என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். கம்மியா போனாலும் பிரச்சினை என்பது இந்த வேலையில்தான் தெரிந்தது.

எப்படின்னு சொல்றேன். அப்பாவிடம் ஒரு பிஸ்கட் டின் இருக்கு. மில்லில் பழைய பேனல்களை மாற்றித் தொடுதிரை வைத்தபோது, எடைக்குப் போன பழசில் இருந்து கேட்டு வாங்கிவந்த சுவிட்சுகள். எல்லாம் 250 வோல்ட், 10 ஆம்பியர் ரகம். அதில் ஒன்றை வயரில் இணைத்துச் சோதித்துப் பார்த்தோம். மீட்டரில் பீப் வந்தது. போர்டில் போட்டால் எல்இடி ஒரு தடவை எரியுது, ஒரு தடவை எரியலை. காரணம் இதுதான். நம்ம போர்டில் சுவிட்சுக்கு 10 கிலோ ஓம் வழியாக 5 வோல்ட். கணக்குப் போட்டால் 0.5 மில்லி ஆம்பியர். அந்த சுவிட்ச் தாங்கும் 10 ஆம்பியரில் இது இருபதாயிரத்தில் ஒரு பங்கு. பெரிய சுவிட்சின் வெள்ளிக் கான்டாக்டில் காலப்போக்கில் கருப்பாக ஒரு படலம் படியும். 250 வோல்ட்டும் ஆம்பியர் கணக்கில் கரண்ட்டும் போகும்போது அந்தப் படலம் ஒரு தடையே இல்லை, உடைத்துக்கொண்டு போய்விடும். 5 வோல்ட்டும் அரை மில்லி ஆம்பியரும் அதன் முன்னால் கதவைத் தட்டிட்டு நிற்கும். அதனால்தான் இந்த மாதிரிச் சின்ன சிக்னலுக்குத் தங்க முலாம் போட்ட கான்டாக்ட் வைத்த சுவிட்ச் செய்கிறார்கள். பெருசா இருந்தா உழைக்கும்னு நினைச்சு வாங்கினா, இங்கே அது சரிவராது.

சரி, டின் உதவாது. அப்போ அப்பா வேறு ஒன்று சொன்னார்: “புதுசு தேடுறதுக்கு மின்ன, பழசத் தெறந்து பாத்தியா?”

செத்துப்போன ஆறு அட்ரஸ் சுவிட்சையும் திறந்தோம். சின்ன டாகிளைச் சுற்றி ஒரு தகரச் சட்டம் இருக்கும். அதன் நான்கு காதுகளை மெதுவாக நிமிர்த்தினால் மேல் பாகம் தனியாக வந்துவிடும். உள்ளே பார்க்க ரொம்ப எளிமை. பார்க்கில் இருக்கும் சீசா ஞாபகம் இருக்கா? நடுக் காலின் மேல் ஒரு குட்டி உலோகச் சீசா. லிவரின் அடியில் ஸ்பிரிங் வைத்த ஒரு முனை. லிவரை மேலே தூக்கினால் உள்ளே அந்த முனை கீழே போகும், சீசா அந்தப் பக்கம் சாயும், நடுக் காலும் கீழ்க் காலும் சேரும். அதனால்தான் இந்த டாகிள்களில் லிவர் ஒரு பக்கம் இருந்தால் கனெக்ஷன் எதிர்ப் பக்கம். வயர் சால்டர் பண்ணும்போது இதை ஞாபகம் வைத்துக்கொண்டால் பாதி நேரம் மிச்சம்.

முப்பது வருஷத் தூசியும், காய்ந்து பிசினாகிப்போன கிரீஸும்தான் உள்ளே இருந்தது. நான் எமரி பேப்பரை எடுக்கப் போனேன், அப்பா கையைப் பிடித்தார். தேய்த்தால் கருப்போடு சேர்ந்து முலாமும் போய்விடும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பேப்பர் துண்டைக் கான்டாக்டுக்கு நடுவில் விட்டு இழுக்கணும், கருப்பு வராத வரை. ஆறில் நான்கு பிழைத்துவிட்டன. இரண்டில் சீசாவே தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. அந்த இரண்டுக்கும் மூணு கால், நிற்கிற ரகம். ஆன்லைனில் எம்டிஎஸ்-102 என்று தேடினால் கொட்டிக் கிடக்கும் ரகம் அது. ஐந்தாக வாங்கினோம்.

மிச்சம் இருந்தது திரும்புகிற இரண்டு. இதுதான் கஷ்டம். இரண்டு பக்கமும் திரும்பி, நடுவில் நிற்பது. ராஜபாளையத்தில் மறுபடி அதே அண்ணாச்சி கடைக்குப் போனேன், இந்த முறை அப்பாவின் வார்த்தையோடு. “ரெண்டு பக்கமும் தள்ளலாம், கைய எடுத்தா நடுவுக்கு வந்துரணும்.” அவர் உடனே ஸ்பிரிங் ரிட்டர்ன் செலக்டர் ஒன்றை எடுத்து வைத்தார். வேலை மிகச் சரி. ஆனா அதை மாட்ட 22.5 ஓட்டை வேணும். நம்ம பேனலில் இரண்டு சுவிட்சுக்கு நடுவில் இருக்கும் இடமே அவ்வளவு கிடையாது. அவரே யோசித்து, கார் ஸ்பேர்ஸ் கடையில் பவர் விண்டோ சுவிட்ச் பார்க்கச் சொன்னார். யோசிச்சுப் பாருங்க: கண்ணாடி மேலே, கண்ணாடி கீழே, விட்டால் நடு. அதே குணம்! முதல் தடவை என்னைக் கம்ப்யூட்டர் கடைக்கு அனுப்பிய அதே மனுஷன்தான். கேள்வி அவர் மொழியில் வந்ததும் பதில் இரண்டு வந்தது.

அதற்குச் சதுர ஓட்டை போடணும். இங்கேதான் எங்க டீமுக்குள் சண்டை. ஒருத்தி சொன்னாள், இரண்டு புஷ் பட்டன் போட்டாலே போதும், சர்க்யூட்டுக்கு வித்தியாசம் தெரியாதுன்னு. அது உண்மை. மேலும் கீழும் ஒரே நேரத்தில் அழுத்த முடியாத இரண்டு பட்டன்தான் அந்த சுவிட்ச். நான் ஓட்டை போடக் கூடாது என்றேன். அந்த முகப்பை யாரோ கையால் அளந்து, கையால் டிரில் போட்டு, எழுத்துப் பதித்திருக்கிறார்கள். ஓட்டை போட்டால் அதை மூட முடியாது. சுவிட்சை எப்ப வேணா மாற்றலாம். இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஏழு நாள் பார்ப்போம், கிடைக்கலைன்னா பட்டன் என்று முடிவு பண்ணினோம்.

பட்டன் போடச் சொன்ன அவளுக்கே அந்த வாரம் சென்னையில் இன்டர்வியூ வந்தது. முடித்துவிட்டு நேராக ரிச்சி ஸ்ட்ரீட் போனாள். பார்ட் நம்பர் எதுவும் அவள் கையில் இல்லை, வாக்கியம் மட்டும்தான்: ரெண்டு பக்கமும் திரும்பணும், நடுவுல நிக்கணும், மூணு கால், கால் இஞ்ச் ஓட்டை, அஞ்சு வோல்ட்டுக்கு. மூன்றாவது கடையில் டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்துட்டாங்களாம். பின்பக்கம் எம்டிஎஸ்-123 என்று இருந்தது. நான்கு வாங்கி வந்தாள். இன்டர்வியூ என்னாச்சுன்னு கேட்டதுக்கு, “அது ஆகல. சுவிட்ச் ஆச்சு” என்றாள். அடுத்த மாதம் வேறு ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது, கவலைப்படாதீங்க.

மாட்டினோம். எட்டே எட்டு பைட் புரோகிராம்: ஐந்தை ஏ ரிஜிஸ்டரில் போடு, மூன்றைக் கூட்டு, விடையை மெமரியில் வை, நில். முதல் பைட் எம்விஐ ஏ. லேப்ல ‘த்ரீ ஈ’ன்னு அடிப்போமே, அதுதான் 0011 1110. ஒவ்வொரு பைட்டுக்கும் எட்டு சுவிட்ச், பிறகு டெபாசிட் கீழே ஒரு தட்டு. அடுத்த அட்ரஸுக்குப் போகும்போது எல்இடி ஒரே ஒரு எண் மட்டும் கூடணும். சுவிட்ச் உள்ளுக்குள் துள்ளினால் ஒரு தட்டுக்கு மூன்று நான்கு தாவும். கான்டாக்ட் துள்ளல் சில மில்லி செகண்ட் இருக்கும். 3 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சர்க்யூட்டுக்கு ஒரு மில்லி செகண்ட் என்பதே 3000 கிளாக். அந்தப் பழைய சீனியர்கள் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், ஒரு 7414 கேட் வைத்து அதை அடக்கியிருந்தார்கள். முப்பது வருஷம் கழித்தும் ஒரு தாவல் இல்லை.

எச்ஓடி சார், லேப் அசிஸ்டென்ட் அண்ணன் எல்லாரும் சுற்றி நிற்க, ரன் தட்டி, நிறுத்தி, விடை இருக்கும் அட்ரஸை சுவிட்சில் வைத்து, எக்ஸாமினை மேலே தள்ளினேன். வலது பக்கத்தில் இருந்து நாலாவது எல்இடி மட்டும் எரிந்தது. 0000 1000. எட்டு.

சார் பேனாவை எடுத்து லிஸ்டில் அந்த வரியை அடித்தார். ஆனா கூடவே ஒன்று சொன்னார்: “நீங்க மூணு பேரும் ஜூன்ல போயிடுவீங்க. அடுத்த வருஷமும் லிஸ்ட் வரும்.”

நான் இதை எழுதுவதே அதுக்காகத்தான். பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு பேப்பரை லேமினேட் பண்ணி ஒட்டியிருக்கோம். எந்த சுவிட்ச் நிற்கும், எது திரும்பும், எத்தனை கால், என்ன ஓட்டை, எவ்வளவு கரண்ட், எல்லாம் தமிழில். டேட்டா ஷீட் இல்லாமலேயே கடையில் அப்படியே வாசிச்சுக் காட்டலாம். பக்கத்தில் ஒரு ஜிப் கவரில் மூணு எம்டிஎஸ்-102, இரண்டு எம்டிஎஸ்-123 ஸ்பேர் இருக்கு. பன்னிரண்டாவது அட்ரஸ் சுவிட்ச் லேசாக அடம் பிடிக்குது. நாங்க திறந்து சுத்தம் பண்ணிய நான்கில் அதுவும் ஒன்று. இன்னும் ஆறு மாதம் தாங்கும் என்று அப்பா சொல்கிறார்.

செகண்ட் இயர், தேர்ட் இயரில் யாருக்காவது விருப்பம் இருந்தா, வியாழக்கிழமை சாயங்காலம் லேபுக்கு வாங்க. ஸ்க்ரூடிரைவர் நாங்க தர்றோம். அந்தப் பன்னிரண்டாவதை நீங்க மாத்துங்க.